‘மற்றவர்கள்’ என்றொரு சாதி

யூகோஸ்லாவியா உடைந்த கதையைத் தோழர்கள் கூட்டங்களில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். செர்பியர், குரோட்டியர், ஸ்லோவேனியர், போஸ்னிய முஸ்லிம், அல்பேனியர் என்று விரல்விட்டு எண்ணுவார்கள். 1991-இல் முதலில் பிரிந்தது யார், எந்த ஆற்றங்கரைக்கு எவன் அடித்துக்கொண்டான், எல்லாம் சரியாகத்தான் சொல்வார்கள். எனக்கு ஒரே ஒரு கேள்விதான். ரோமாக்கள் எந்த விரலில் வருகிறார்கள்?

ஜிப்ஸி என்று ஊரார் வசையாகக் கூப்பிடுகிற சனம்தான் ரோமா. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து போனவர்கள் என்று அவர்கள் மொழியை வைத்தே ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். தண்ணிக்கு அங்கேயும் ‘பானி’தான். டிட்டோ காலத்து சோசலிசத்திலேயே இனங்களுக்குப் படிநிலை இருந்தது. மேல்படியில் சொந்தக் குடியரசு வைத்திருந்தவர்கள். அடுத்த படியில் அல்பேனியர், ஹங்கேரியர். ரோமாக்கள் பெரும்பாலான குடியரசுகளில் அதற்கும் கீழே, வெறும் இனக்குழு. படிநிலையைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

கொசோவோவில் மித்ரோவிட்சா என்று ஒரு நகரம். நடுவில் இபார் ஆறு. வடகரை செர்பியருக்கு, தென்கரை அல்பேனியருக்கு என்று ஆகிப்போனது. அந்தப் பாலத்தை உலகத் தொலைக்காட்சி எல்லாம் காட்டியது. அதே தென்கரையில் ரோமா மஹலா என்ற குடியிருப்பு இருந்ததை எத்தனை பேர் காட்டினார்கள்? சுமார் 8,000 பேர் வாழ்ந்த இடம். போர் நடந்தபோது பிணம் புதைக்கிற வேலையைப் பல இடங்களில் ரோமாக்கள் தலையில்தான் கட்டினார்கள். யாருக்கு அந்த வேலை வரும் என்று உங்களுக்குத் தெரியாதா? பிறகு, ‘செர்பியனுக்குக் கூலி வேலை பார்த்தவன்’ என்று அவர்கள் மேலேயே பழி. 1999 சூனில், நேட்டோ படை ஊருக்குள் வந்த பிறகு, மஹலா சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டது.

ஓடியவர்களை ஐ.நா. நிர்வாகம் வடக்கே முகாம்களில் வைத்தது. எங்கே தெரியுமா? ட்ரெப்சா ஈயச் சுரங்கத்தின் கழிவு மேட்டுப் பக்கத்தில். குப்பை மேடும் சுடுகாடும் இருக்கிற பக்கமே நமக்கு இடம் ஒதுக்குவார்களே, அதே கணக்கு. பிள்ளைகள் ரத்தத்தில் ஈயம் ஏறியிருப்பதை 2004-இல் உலக சுகாதார நிறுவனமே சொன்னது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அங்கே ஆட்கள் இருந்தார்கள். 2016-இல் ஐ.நா.வே அமைத்த மனித உரிமை ஆலோசனைக் குழு, நிர்வாகம் செய்தது உரிமை மீறல்தான், 138 பேருக்கு இழப்பீடு கொடு என்றது. 2017-இல் ஐ.நா. அறிவித்ததோ, விருப்பப்பட்ட நாடுகள் காசு போடுகிற ஒரு நிதி. பாதிக்கப்பட்டவன் கையில் நேராக ஒன்றும் இல்லை.

பிரிந்து போகும் உரிமையை நான் மறுக்கவில்லை. பிரிந்த வீட்டுக்குள் யார் திண்ணையில், யார் கொல்லையில் என்றுதான் கேட்கிறேன். 1955-இல் மொழிவாரி மாநிலங்களைப் பற்றி எழுதியபோது அம்பேத்கர் கேட்டதும் இதுதான்: பெரும்பான்மைச் சாதியின் கைக்குள் போகிற சின்னச் சமூகங்களுக்குப் பாதுகாப்பு எங்கே?

போஸ்னியாவில் அந்தப் பாதுகாப்பு எப்படி இருந்தது பாருங்கள். 1995 டேட்டன் ஒப்பந்தத்தோடேயே நாட்டுக்கு அரசியல் சட்டமும் வந்தது. குடியரசுத் தலைமையில் மூன்று பேர்: ஒரு போஸ்னியாக், ஒரு குரோட், ஒரு செர்ப். மக்களினங்களின் அவையில் 15 இடம், ஆளுக்கு ஐந்து. மிச்சமுள்ளவர்களுக்குச் சட்டமே வைத்த பெயர் ‘மற்றவர்கள்’. அவர்கள் இந்தப் பதவிகளுக்கு நிற்கவே முடியாது. சுட்டுக்கொண்டவர்கள் மூவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள், சுடாதவனுக்குப் பங்கில்லை.

தெர்வோ செய்டிச் என்ற ரோமாவும் யாகோப் ஃபின்சி என்ற யூதரும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். இது பாகுபாடு என்று 2009 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. சரி, ஜெயித்தாச்சு. அப்புறம் 2010, 2014, 2018, 2022 என்று நான்கு பொதுத்தேர்தல் நடந்தது. நான்கும் அதே பழைய விதிப்படிதான். மூன்று தரப்புத் தலைவர்களுக்கும் மற்ற எதிலும் ஒத்துப்போகாது. இதை மாற்றாமல் வைப்பதில் மட்டும் ஒத்துப்போனது.

அடுத்த கூட்டத்தில் பால்கன் வரைபடத்தை விரிக்கிற தோழர், முதலில் மஹலா இருந்த இடத்தில் விரலை வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்கட்டும்.