மஞ்சள் முக்கோணமும் செக் ரிட்டர்ன் மெமோவும்

எங்கள் வங்கியில் ஒரு செக் திரும்பி வந்தால் வாடிக்கையாளர் முதலில் கேட்பது "ஏன் சார்?" என்றுதான். பணம் போதவில்லையா, கையெழுத்து ஒத்துப்போகவில்லையா, தேதி காலாவதியா... ரிட்டர்ன் மெமோவில் காரணம் இருக்கும். அதைப் பார்க்காமலே "அக்கவுண்டை மூடிட்டுப் புதுசா ஆரம்பிங்க" என்று நான் சொன்னால் சும்மா விடுவீர்களா? ஆனால் பிரிண்டர் ஓடவில்லை என்று கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனால் கடைக்காரர்கள் பலர் அதைத்தான் சொல்கிறார்கள். இங்கே போபாலில் நான் கேட்ட மந்திரம் ஒன்றே ஒன்று: "ஃபார்மேட் கர்னா படேகா, பாய் சாப்."

எங்கள் பக்கத்து பிளாக்கில் ஒரு மதுரைக் குடும்பம். கம்ப்யூட்டரில் சத்தம் வரவில்லை, அவ்வளவுதான் கோளாறு. ஃபார்மேட் ஆகித் திரும்பி வந்தது. சத்தம் வந்தது, வாஸ்தவம். பெரிய பெண்ணின் காதுகுத்து முதல் தாத்தாவின் அறுபதாம் கல்யாணம் வரை அதில் இருந்த படங்கள்தான் போய்விட்டன. ஊரை விட்டு வந்தவர்களுக்கு அந்த ஹார்ட் டிஸ்க்தானே பாதி ஊர்? அதனால் என் கட்சி இதுதான்: பிழை எண்ணைப் படிக்காத யாரையும் உங்கள் கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்ய விடாதீர்கள்.

"டிரைவர் இல்லைன்னு வருதே மாப்பிள்ளே, லீவுல போயிட்டானா?" என்று என் மாமியார் போனில் கேட்டார் :-) டிரைவர் என்பது ஒரு சின்ன மென்பொருள். விண்டோஸ் பேசுவது பிரிண்டருக்குப் புரியாது, பிரிண்டர் பேசுவது விண்டோஸுக்குப் புரியாது. இந்தி தெரியாமல் வந்த புதிதில் காய்கறி வாங்க எதிர்வீட்டு அம்மாவைத் துணைக்குக் கூட்டிப் போனோமே, அந்த வேலையைத்தான் டிரைவர் செய்கிறது.

ஸ்டார்ட் பட்டனில் மவுஸின் வலது பக்கத்தை அழுத்தி 'டிவைஸ் மேனேஜர்' போங்கள். தகராறு உள்ள பொருளின் மேல் மஞ்சள் முக்கோணம் இருக்கும். இரண்டு முறை தட்டினால் நம் ரிட்டர்ன் மெமோ திறக்கும். கோட் 28 என்றால் டிரைவரே நிறுவப்படவில்லை. ஃபார்மேட் செய்த மெஷின்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். கோட் 22 என்றால் யாரோ அந்தப் பொருளை முடக்கி வைத்திருக்கிறார்கள் (வீட்டில் குழந்தைகள் உண்டா?). 'எனேபிள்' கொடுத்தால் தீர்ந்தது. கோட் 10 கொஞ்சம் வழவழா. பொருளால் இயங்கத் தொடங்க முடியவில்லை என்பதற்கு மேல் பெரிதாக எதுவும் சொல்லாது. நேற்று வரை ஓடியது, அப்டேட்டுக்குப் பிறகு நின்றது என்றால், அங்கேயே 'டிரைவர்' பக்கத்தில் 'ரோல் பேக்' பட்டன் இருக்கிறது. பழைய டிரைவர் கைவசம் இருந்தால்தான் அது அமுங்கும்.

கோட் 43 வந்தால் பொருளே தனக்குக் கோளாறு என்று சொல்லிவிட்டது, விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது என்று அர்த்தம். யூஎஸ்பி பொருளாக இருந்தால் கேபிளை மாற்றுங்கள், வேறு துளையில் செருகுங்கள். பொருளே செத்திருந்தால் பத்து முறை ஃபார்மேட் செய்தாலும் அது பிழைக்காது.

இன்னொரு கேஸ், 'அன்நோன் டிவைஸ்'. பெயர் தெரியாவிட்டால் என்ன, கேஒய்சி இருக்கிறது. 'டீடெய்ல்ஸ்' பக்கத்தில் 'ஹார்டுவேர் ஐடி' என்று தேர்ந்தெடுத்தால் ஒரு நீளமான எண் வரும். 'வென்' என்ற மூன்று எழுத்துக்குப் பின்னால் வருவது தயாரிப்பாளர் எண். அங்கே 8086 இருந்தால் அது இன்டெல் சரக்கு. (1978-ல் அவர்கள் வெளியிட்ட பிராசஸரின் பெயரும் 8086-தான். குசும்பு!) தயாரித்தவர் யார் என்று தெரிந்துவிட்டால், அவர்களுடைய தளத்திலோ லேப்டாப் கம்பெனியின் தளத்திலோ டிரைவரை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

இலவசம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். "உங்கள் கம்ப்யூட்டரில் 37 டிரைவர்கள் பழசு, உடனே பணம் கட்டுங்கள்" என்று கத்தும் சமாசாரங்களைத் தொடாதீர்கள். பழைய டிரைவர் ஒழுங்காக ஓடினால் அது பழசாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே. இதைவிட மோசம், திரையில் போன் நம்பர் போட்டு "எங்களைக் கூப்பிடுங்கள்" என்று வரும் அறிவிப்பு. கூப்பிட்டால், நம் திரையைத் தூரத்திலிருந்து இயக்கும் ஒரு செயலியை நிறுவச் சொல்வார்கள். அப்புறம் ஆசாமிக்கு வேண்டியது டிரைவர் அல்ல, உங்கள் நெட் பேங்கிங். 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி இப்படிப்பட்ட செயலிவழி மோசடி பற்றி வங்கிகளை எச்சரித்தது. ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு இதைத் தமிழில், நிதானமாகச் சொல்லி வையுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும் என்பதையும்.

"அட, நீங்க ஒண்ணு, இதெல்லாம் கடைக்காரன் பாடு" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைக்காரரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. "கோட் 28 வருது, சவுண்ட் டிரைவர் மட்டும் போட்டுக் கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சின் தொனியே மாறும், பில்லும்தான். அப்படியும் ஃபார்மேட்தான் என்றால், படங்களை வேறு டிஸ்க்கில் எடுத்துவைத்துக்கொண்டு பிறகு சம்மதியுங்கள்.

எந்தக் கோடும் காப்பாற்றாத இடம் ஒன்று உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தபின் பலர் 11-க்கு மாறுகிறார்கள். விண்டோஸ் 11-ல் 64-பிட் மட்டும்தான் உண்டு. தயாரிப்பாளர் 32-பிட் டிரைவரோடு கைவிட்ட பழைய ஸ்கேனர்கள் அதில் ஓடாது. பொருள் நன்றாகத்தான் இருக்கும், துணைக்குப் பேச ஆள் இருக்காது. அப்பாவின் பழைய நெகட்டிவ்களை ஸ்கேன் செய்யும் என் கருவி அந்த ரகம். அதற்காகவே ஒரு பழைய கம்ப்யூட்டரை, இன்டர்நெட் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, அலமாரிக்குக் கீழே வைத்திருக்கிறேன். இன்னும் நானூறு நெகட்டிவ் பாக்கி.