வேலி இல்லாத வெளி

இயற்கைக் காட்சி ஓவியம் என்றதும் அதில் அழகை மட்டுமே தேடுவது நம்மிற் பலரது வழக்கம். மரத்தையும் மேகத்தையும் ஒற்றையடிப் பாதையையும் கண்டு மகிழ்ந்து அப்பால் நகர்ந்துவிடுகின்றோம். அந்த நிலம் அக்காலத்தில் யாருடைய பாவனையில் இருந்தது என்று நாம் கேட்பதில்லை. ஐரோப்பாவில் கற்பனாவாதம் மேலோங்கியிருந்த காலத்துப் படைப்புக்களை விளங்கிக்கொள்வதற்கு இக்கேள்வி அவசியமானது. ஓர் உதாரணத்தை இவ்வாரம் நோக்குவோம்.

இங்கிலாந்தின் கிழக்கே நொரிச் நகரில் வாழ்ந்தவர் ஜோன் குறோம் (1768–1821). நெசவாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, விளம்பரப் பலகை தீட்டுபவரிடம் தொழில் பயின்று ஓவியரானவர். 1810ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் அவர் உருவாக்கிய 'எச்சிங்' சித்திரங்களுள் ஒன்று 'மௌஸ்ஹோல்ட் வெளி'. செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியாற் கீறி, அமிலத்தில் இடுவர். கீறிய இடம் மட்டும் அரிக்கப்படும். அப்பள்ளங்களில் மை நிரப்பித் தாளில் அழுத்தி எடுப்பதே இம்முறையாகும்.

மேடுபள்ளமான வெற்று நிலம், அதன்மீது வளைந்து செல்லும் தடங்கள், மேலே பரந்த வானம்: சித்திரத்தில் உள்ளவை இவ்வளவே. மாளிகை இல்லை, வேலியும் இல்லை. நகரையொட்டிய அந்தத் தரவை நிலத்தில் ஏழைகள் காலங்காலமாக ஆடுமாடு மேய்த்தனர்; விறகு பொறுக்கினர்.

ஆனால் அந்நாட்களிலேயே அவ்வெளியின் பெரும்பகுதி வேலியடைக்கப்பட்டு விளைநிலமாக மாறிக்கொண்டிருந்தது. 1793 முதல் 1815 வரை, சிறு இடைவெளிகளுடன் நீடித்த பிரெஞ்சுப் போரினால் தானிய விலை ஏறியது. தரிசு நிலமும் இலாபம் தரலாயிற்று. பாராளுமன்றம் சட்டத்தின்மேற் சட்டமாக இயற்றிப் பொதுநிலங்களைப் பங்கிட்டது. 1750க்கும் 1850க்கும் இடையில் இத்தகைய சட்டங்கள் சுமார் 4000 நிறைவேறின. சட்டப்படி உரிமை நாட்டியவர்களுக்குப் பங்கு கிடைத்தது. வழக்கத்தினால் மட்டும் அனுபவித்து வந்தோர் வெறுங்கையராயினர்.

அதே வெளிக்குப் பழைய வரலாறும் உண்டு. 1549இல் வேலியடைப்பை எதிர்த்துக் கிளர்ந்த மக்கள் றொபேட் கெற் என்பவரின் தலைமையில் ஆயிரக்கணக்கிற் பாசறை அமைத்திருந்தது அங்கேதான். கிளர்ச்சி நசுக்கப்பட்டது. கெற் நொரிச் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார்.

இதனைக் கொண்டு குறோமை ஒரு கிளர்ச்சிக்காரராகச் சித்திரிப்பது பொருந்தாது. அவர் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பித்துச் சீவித்தவர். தம் சித்திரங்களைத் தொகுதியாக வெளியிட 1812இல் அறிவித்தல் விடுத்தார். வாழ்நாளில் அது கைகூடவில்லை. அவர் மறைந்து பல ஆண்டுகள் சென்ற பின்னர், 1834இலேயே தொகுதி வெளிவந்தது. அதற்குள் அந்த வெளி பெரிதும் சுருங்கிவிட்டது. ஓவியரின் எண்ணம் எதுவாயினும், இல்லாமற்போன நிலத்திற்கு அந்தத் தாள் சாட்சியாக நின்றது.

காணி உறுதி உடையவனுக்காக உறுதி பேசும். உறுதி இல்லாதவனின் உரிமைக்கு நினைவும் இத்தகைய சித்திரங்களுமே சான்று. ஊரையும் காணியையும் விட்டுவந்த நமக்கு இது விளங்காத செய்தியன்று. வாழும் நாடுகளின் கலைக்கூடங்களுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் வாசகர்கள், ஓவியத்தின் அழகைக் காட்டுவதோடு நின்றுவிடாது, அங்கே வேலி உண்டா என்றும், இல்லையேல் அது எப்போது வந்தது என்றும் கேட்கப் பழக்குவார்களாக.