காசு குடுத்தாச்சு... கேம் யாருது பாஸ்?



‘பிளேஸ்டேஷனா, எக்ஸ்பாக்ஸா, நிண்டெண்டோவா... எது பெஸ்ட்?’ கேன்டீன்ல இந்தச் சண்டை ஆரம்பிச்சா டீ ஆறிடும், சண்டை ஆறாது! ஜாய்ஸ்டிக்கும் கையுமா வளர்ந்த ஆளுங்கிற உரிமையில, இந்த வாரம் நானே நாட்டாமையா உட்கார்ந்து தீர்ப்பு சொல்லப் போறேன். ஆலமரம், செம்பு எல்லாம் ரெடி. ஆனா கிராஃபிக்ஸுக்கு இத்தனை மார்க், ஸ்பீடுக்கு இத்தனை மார்க்னு போடற வழக்கமான தீர்ப்பை எதிர்பார்க்காதீங்க. எல்லா கன்சோல்கிட்டயும் நான் கேட்கப்போற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்.

இன்னிக்குக் காசு குடுத்து வாங்கற கேமை, இருபது வருஷம் கழிச்சு எடுத்துப் போட்டு விளையாட முடியுமா?

‘கேசட்’ என்ற தங்கம்

1983-ல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம்தான் நம்ம ஊர் ‘டிவி கேம்’களுக்கெல்லாம் தாத்தா. அந்தத் தாத்தாவை நம்மில் பலர் நேரில் பார்த்ததே இல்லை. நம்ம வீடுகளுக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் அவரோட டூப்ளிகேட் பேரப்பசங்கதான்! உங்க அண்ணன்கிட்டயோ சித்தப்பாகிட்டயோ கேட்டுப் பாருங்க. ‘9999999 இன் 1’னு லேபிள் ஒட்டின மஞ்சள் கேசட் பற்றி கண்கள் பனிக்கச் சொல்வார். உள்ளே இருக்கறது என்னவோ பத்து இருபது கேம்தான். மீதியெல்லாம் அதே கேம், பேர் மட்டும் வேற. இருந்தும் யாரும் கோவிச்சுக்கலை. ஏன்னா அந்தப் பத்துல மரியோ இருந்தார், கான்ட்ரா இருந்துச்சு!

1985-ல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கிலோபைட். இன்னிக்கு நீங்க போன்ல எடுக்கற ஒரு செல்ஃபி இதைவிடப் பல மடங்கு பெருசு. இடம் பத்தாததால வானத்துல மேகமும் தரையில புதரும் ஒரே படம்! கலரை மட்டும் மாத்திட்டாங்க. கான்ட்ராவில் 30 உயிர் வாங்கித் தந்த ‘மேல மேல கீழ கீழ’ ரகசியம் ஞாபகம் இருக்கா? கொனாமி கம்பெனியில கஸுஹிசா ஹஷிமோட்டோ என்பவர், 1986-ல் கிரேடியஸ் கேமை ஃபேமிகாமுக்கு மாத்தும்போது, ரொம்பக் கஷ்டமா இருக்கேன்னு தன் வசதிக்காக வெச்சுக்கிட்ட குறுக்கு வழி அது. 2020-ல் அவர் மறைஞ்சப்போ உலகம் முழுக்க கேமர்கள் அந்தக் கோடையே அஞ்சலியா எழுதினாங்க.

சரி, தீர்ப்புக்கு வருவோம். கேசட்டைச் சொருகு, சுவிட்சைப் போடு, விளையாடு. பாஸ்வேர்டு இல்ல, அப்டேட் இல்ல, இன்டர்நெட் இல்ல. பரண்ல கிடக்கற கேசட்டைத் தூசி தட்டிப் போட்டா இன்னிக்கும் மரியோ குதிக்கறார். பாஸ் மார்க் என்ன... டிஸ்டிங்ஷன்!

கருகினாலும் கைவிடாத பையன்

கையடக்க கன்சோல்ல பெரிய சண்டை, 1989-ல் வந்த நிண்டெண்டோ கேம் பாய்க்கும் 1990-ல் வந்த சேகா கேம் கியருக்கும். கேம் கியர் கலர், ஸ்கிரீன்ல வெளிச்சம்னு சும்மா மினுமினுத்தது. கேம் பாய் பாவம், பாசி பிடிச்ச பச்சை. ஆனா கேம் கியர் ஆறு பேட்டரியை முழுங்கிட்டு நாலஞ்சு மணி நேரத்துல படுத்துடும். கேம் பாய் நாலே பேட்டரியில பத்து மணி நேரத்தைத் தாண்டி ஓடும். பந்தயத்துல ஜெயிச்சது யார்னு சொல்லணுமா? கலர் வெர்ஷனையும் சேர்த்து சுமார் 11.8 கோடி கேம் பாய் வித்துச்சு.

அதுல ஒரு கேம் பாய் ரொம்ப ஸ்பெஷல். வளைகுடாப் போர்ல தீயில கருகி, பிளாஸ்டிக் உருகிப்போன பீஸ். நியூயார்க்கில் இருக்கற நிண்டெண்டோ கடையில பல வருஷம் அதைக் கண்ணாடிக்குள்ள வெச்சிருந்தாங்க. ஸ்கிரீன்ல டெட்ரிஸ் ஓடிக்கிட்டே இருந்துச்சு. இதுக்கு மேல என்னத்தச் சொல்ல!

வட்டத் தட்டு வந்த கதை

1994 டிசம்பரில் சோனி முதல் பிளேஸ்டேஷனோட களத்துல குதிச்சது. கேசட்டுக்கு பை பை, சிடிக்கு வெல்கம். 1996-ல் வந்த நிண்டெண்டோ 64 கேசட்டை விடமாட்டேன்னு அடம் பிடிச்சுது. அதன் மிகப் பெரிய கேசட்டே 64 மெகாபைட்தான். ஒரு சிடியிலயோ 650 மெகாபைட்டுக்குப் பக்கத்துல பிடிக்கும். அதுவரை நிண்டெண்டோ வீட்டுச் செல்லப் பிள்ளையா இருந்த ஃபைனல் ஃபேன்டஸி, 1997-ல் ஏழாவது பாகத்தை மூணு சிடியில போட்டுக்கிட்டு பிளேஸ்டேஷன் வீட்டுக்குக் குடி போயிடுச்சு. ரிசல்ட்? பிளேஸ்டேஷன் 10 கோடிக்கு மேல, நிண்டெண்டோ 64 சுமார் 3.3 கோடி.

அடுத்து வந்த பிஎஸ்2-க்கு (2000) என் மனசுல தனி பூஜை அறையே இருக்கு. 16 கோடிக்கு மேல வித்த பெட்டி. சான் ஆண்ட்ரியாஸ், காட் ஆஃப் வார்னு லிஸ்ட் போட்டா இந்தப் பக்கம் பத்தாது. ஆனா எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. முதல் பிளேஸ்டேஷனோட பெரும்பாலான சிடிக்களை அதுலயே போட்டு விளையாடலாம். புது மருமகள் வந்ததும் பழைய பாத்திரத்தைத் தூக்கிப் போடாத நல்ல குடும்பம்!

சேகாவின் டிரீம்காஸ்ட்டைச் சொல்லாம விட்டா பாவம் பிடிக்கும். 1998-லயே பெட்டிக்குள்ள மோடம் வெச்சு வந்த புத்திசாலிப் பிள்ளை. 2001 மார்ச்சில் கதை முடிஞ்சது. சேகா கன்சோல் பிசினஸையே ஏறக்கட்டிடுச்சு. ஆனா கவனிங்க, டிஸ்க் கையில இருக்கறவங்க இன்னிக்கும் அதுல சோல்காலிபர் விளையாடறாங்க. கம்பெனி கடையைக் கட்டிய பிறகும் கேம் சாகலை. இந்த பாயின்ட்டை அடிக்கோடு போட்டு வெச்சுக்கங்க.

வில்லன் என்ட்ரி, ஹீரோ கிளைமாக்ஸ்

2013 மே மாசம் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன்னை அறிமுகப்படுத்தினப்போ போட்ட கண்டிஷன்கள் இருக்கே... 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை இன்டர்நெட்டில் ஆஜர் குடுக்கணும். வாங்கின டிஸ்க்கை நண்பனுக்குக் குடுக்க, செகண்ட் ஹேண்ட்ல விற்கக் கட்டுப்பாடு. கேமர்கள் கொந்தளிச்சாங்க. சோனி சும்மா இருக்குமா? ‘பிஎஸ்4 கேமை நண்பனுடன் பகிர்வது எப்படி?’ என்ற ரேஞ்சில் ஒரு குட்டி வீடியோ விட்டுச்சு. ஒருத்தர் டிஸ்க்கை நீட்டறார், இன்னொருத்தர் வாங்கிக்கறார். அவ்வளவுதான் வீடியோ! ஜூன் மாசமே மைக்ரோசாஃப்ட் பின்வாங்கிடுச்சு.

வேடிக்கை என்னன்னா, அதே மைக்ரோசாஃப்ட்தான் 2015-லிருந்து பழைய எக்ஸ்பாக்ஸ் கேம்களைப் புதுப் பெட்டியில ஓட வைக்கற வேலையை மத்தவங்களைவிட ஒழுங்கா செஞ்சது. சோனியோட பிஎஸ்4-ல் பிஎஸ்3 டிஸ்க் ஓடவே ஓடாது. ஆக, இதுல யாரும் நிரந்தர ஹீரோ இல்ல, நிரந்தர வில்லனும் இல்ல. நாம சத்தம் போட்டா நல்லவங்க ஆகறாங்க. அவ்வளவுதான் மேட்டர்.

பத்திரத்துல சின்ன எழுத்து

இப்ப டவுன்லோடு காலம். கடைக்குப் போக வேண்டாம், டிஸ்க் கீறல் விழாது, ஆஃபர்ல பாதி விலை. ரெண்டு பேர் சேர்ந்து ஒரு ரூம்ல செஞ்ச கேம்கூட உலகம் முழுக்கப் போய்ச் சேருது. இதெல்லாம் உண்மையான லாபம், நான் மறுக்கலை. ஆனா ‘வாங்கு’ பட்டனை அழுத்தும்போது உங்களுக்குக் கிடைக்கறது என்ன தெரியுமா? விளையாட அனுமதி. சொந்த வீடுன்னு பத்திரம் எழுதிக் குடுத்துட்டு, ‘ஓனர் சொன்னா காலி பண்ணணும்’னு அடியில பொடி எழுத்துல போட்ட மாதிரி!

நம்ம ஆளுங்க உயிரையே வெச்சிருக்கற ஜிடிஏ-வையே எடுத்துக்கங்க. 2018-ல் ஜிடிஏ 4-க்கு ஒரு அப்டேட் வந்துச்சு. பாட்டுக்கான பத்து வருஷ உரிமம் முடிஞ்சதால, காருக்குள்ள ரேடியோவில் ஓடின பல பாட்டுகள் காணாமப் போச்சு. ஏற்கெனவே வாங்கினவங்களுக்கும் அதே கதிதான். 2021-ல் புதுப்பிச்ச பதிப்பு வருதுன்னு வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் ஒரிஜினல்களை ஆன்லைன் கடைகள்ல இருந்து தூக்கினாங்க. வந்த புதுசு ஏகப்பட்ட பிழைகளோட இருக்க, ரசிகர்கள் போட்ட சத்தத்துல கம்ப்யூட்டர் பதிப்பு ஒரிஜினல்களைத் திரும்பத் தர்றோம்னு ராக்ஸ்டார் இறங்கி வந்துச்சு.

யுபிசாஃப்ட்டின் தி க்ரூ கதை இன்னும் மோசம். 2014-ல் வந்த கார் ரேஸ் கேம். தனியா விளையாடறதா இருந்தாலும் சர்வர் வேணும். 2024 மார்ச் 31-ம் தேதி சர்வரை அணைச்சாங்க. அதோட கேம் காலி. டிஸ்க் வெச்சிருந்தவங்களுக்கு அது டீ டம்ளர் வைக்கத்தான் உதவும்! 3டிஎஸ், வீ யூ கன்சோல்களின் ஆன்லைன் கடையை நிண்டெண்டோ 2023 மார்ச்சில் மூடினதும், டிஜிட்டலா மட்டுமே வந்த பல கேம்களைப் புதுசா வாங்க வழியே இல்லாம போச்சு.

‘பழசு போனா போகட்டும், புதுசு வருதே’ன்னு சொல்றீங்களா? 2023-ல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஒரு ஆய்வு வெளியிட்டது. 2010-க்கு முன்னாடி அமெரிக்காவில் வந்த கேம்களில் 87 சதவிகிதம் இன்னிக்குக் கடையில கிடைக்காதாம். பழைய சினிமாப் படச்சுருள்கள் அழிஞ்சு, பேர் மட்டும் மிஞ்சின கதை நமக்குப் புதுசா என்ன? கம்பெனிகள் பத்திரமா வெச்சிருப்பாங்கன்னு நம்பவும் முடியாது. 2002-ல் வந்த கிங்டம் ஹார்ட்ஸ் கேமை 2013-ல் புதுப்பிக்கப் போனா, ஒரிஜினல் டேட்டா பலதும் தொலைஞ்சு போயிருந்துச்சு. உட்கார்ந்து மறுபடி உருவாக்கினாங்க!

கேசட், டிஸ்க் மட்டும் சாகாவரம் வாங்கினதான்னு கேட்டா, அதுவும் இல்ல. பழைய போகிமான் கேசட்டுக்குள்ள இருக்கற பேட்டரி தீர்ந்தா நீங்க சேவ் பண்ணி வெச்சதெல்லாம் போச்சு. வாத்து சுடற துப்பாக்கி இப்போதைய எல்சிடி டிவியில வேலையே செய்யாது. ஆனா பேட்டரியை மாத்தலாம், குண்டு டிவியைத் தேடிப் பிடிக்கலாம். ரிப்பேர் பண்ற உரிமை நம்ம கையில இருக்கு. அணைச்ச சர்வரை யார்கிட்ட போய் ரிப்பேர் பண்றது?

இதுக்கு பதில், திருட்டு டிவிடின்னு கிளம்பிடாதீங்க. கேம் செஞ்சவனும் நம்மள மாதிரி சம்பளத்துக்கு வேலை செய்யறவன்தான். கேள்வியைக் கேட்க வேண்டிய இடத்துல கேட்கணும். தி க்ரூ மூடின கையோட, ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’னு ஒரு இயக்கம் 2024-ல் ஆரம்பிச்சது. கேட்டது சிம்பிள்: சர்வரை மூடறதா இருந்தா, வாங்கினவங்க தொடர்ந்து விளையாட ஒரு வழி பண்ணிட்டு மூடுங்க. ஐரோப்பாவில் அதுக்கான மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டுச்சு. யுபிசாஃப்ட்டும் தி க்ரூவின் அடுத்த பாகங்களுக்கு ஆஃப்லைன் வசதி தர்றோம்னு 2024-லயே அறிவிச்சது. கலிஃபோர்னியாவில், இது வெறும் அனுமதிதான்னு தெளிவா சொல்லாம ‘வாங்கு’ன்னு போட்டு டிஜிட்டல் கேம் விற்கக் கூடாதுன்னு 2025 ஜனவரி முதல் சட்டமே இருக்கு. சத்தம் வேலை செய்யுது மக்களே!

பர்ஸைத் திறக்கும் முன் நாலு கேள்வி

1. இன்டர்நெட் இல்லாம ஓடுமா? தனி ஆள் விளையாடற கேமுக்கு எதுக்கு எப்பவும் சர்வர்?

2. டிஸ்க் வாங்கினா, உள்ளே முழு கேம் இருக்கா? 2025-ல் வந்த ஸ்விட்ச் 2-வின் சில கார்டுகள்ல சாவி மட்டும்தான், கேமை டவுன்லோடுதான் பண்ணணும்.

3. பூட்டு இல்லாத பதிப்பு கிடைக்குதா? ஜி.ஓ.ஜி. மாதிரி கடைகள்ல இன்ஸ்டாலரையே எடுத்து ஹார்ட் டிஸ்க்ல போட்டு வெச்சுக்கலாம்.

4. வாடகையா, சொந்தமா? கேம் பாஸ் மாதிரி மாச சந்தா தப்பே இல்ல. அது வாடகைன்னு சொல்லித்தான் தர்றாங்க. வாடகைக்கு வாடகை விலை, சொந்தத்துக்கு சொந்த விலை. மாத்திக் குடுக்காதீங்க.

ஆக, நாட்டாமை தீர்ப்பு: கன்சோல்ல எது பெஸ்ட்னா, வாங்கின கேமை உங்ககிட்டயே விட்டு வைக்கற பெட்டிதான் பெஸ்ட். அந்தக் கணக்குல 40 கிலோபைட் மரியோ, 100 ஜிபி ஜாம்பவான்களை இன்னும் தலையில மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கார்.

தீர்ப்புல உடன்பாடு இல்லையா? கேன்டீன்ல இன்னொரு டீ சொல்லுங்க. அப்படியே லீவுக்கு ஊருக்குப் போனா பரண் மேல ஒரு பார்வை பாருங்க. அந்த மஞ்சள் கேசட் கிடைச்சா, பழைய பேப்பர்காரருக்கு மட்டும் போட்டுடாதீங்க ப்ளீஸ்!

அடுத்த வாரம் மீட் பண்ணுவோம்!