தாமதம் யாருடையது?

"வரும், ஆனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது" என்று நம் ஊர்ப்புறங்களில் பேருந்தைப் பற்றிச் சொல்வதுண்டு. இப்போது அதே பேச்சைக் கணிப்பொறியைப் பற்றியும் கேட்கிறோம்.

அக்காமார் பிளஸ் டூ படித்தபோது வாங்கி வந்த விலையில்லா மடிக்கணினி எங்களில் பலருடைய வீடுகளில் இருக்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய திட்டம் அது. அப்போது தந்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன் 'பாஸ் லினக்ஸ்' என்ற இன்னோர் இயங்குதளமும் சேர்ந்தே வந்தது. அது நம் நாட்டுச் சரக்கு. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கி, 2007-இல் முதல் பதிப்பை வெளியிட்டார்கள். விலை கிடையாது. அதன் உள்ளே எழுதியிருப்பதை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். திறந்த மூல மென்பொருள் என்பது இதைத்தான். திரையில் தமிழும் தெரியும். இத்தனை இருந்தும் அதைத் திறப்பார் இல்லை. ஏன் என்று கேட்டால், "அது பழசு, அப்டேட்டே வராது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

இந்தக் குறை பொய்யன்று. எங்கள் பிளஸ் டூ பாடத்தில் பைதான் உண்டு. புத்தகத்திலிருப்பது மூன்றாம் பைதான். பழைய மடிக்கணினியில் பைதான் என்று தட்டினால் விழித்துக்கொள்வதோ இரண்டாம் பைதான். பெயரைக் கேட்கும் சின்னஞ்சிறு நிரல்கூடப் பெயரைத் தட்டியவுடன் "பிழை" என்று நின்றுவிடும். எழுதியவளிடம் தவறில்லை. ஆனால் அவளோ தனக்குக் கணிப்பொறியே வராது என்று எண்ணிக்கொள்கிறாள். அந்த இரண்டாம் பைதானுக்கு 2020 ஜனவரி 1-ஆம் நாளோடு ஆதரவும் நின்றுவிட்டது.

தாமதம் எங்கே உண்டாகிறது? பாஸ் லினக்ஸ் தனியே முளைத்த செடியன்று. டெபியன் என்னும் மரத்தின் கிளை. டெபியனை உலகெங்கும் உள்ள தன்னார்வத் தொண்டர்கள் வளர்க்கிறார்கள். அங்கே ஒரு பிழை திருத்தப்பட்டால், சி-டாக் அதை எடுத்துச் சோதித்துத் தன் கிடங்கில் வைத்த பிறகே நமக்கு வரும். கண்மாய் நிறைந்திருந்தாலும் மடை திறந்தால்தானே வயலுக்குத் தண்ணீர்! போதாக்குறைக்கு, சில வேளைகளில் கண்மாய்க்கே தண்ணீர் வருவதில்லை. டெபியனில் 2002 ஜூலையில் வந்த பதிப்புக்கு அடுத்தது 2005 ஜூனில்தான் வந்தது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள்! இடையில் 2004 அக்டோபரில், ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்ற வாக்குறுதியோடு உபுண்டு பிறந்தது. அந்த உபுண்டுவே 2006 ஏப்ரலில் வரவேண்டியதை ஜூன் 1-ஆம் நாளுக்குத் தள்ளிவைத்தது. ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தள்ளிவைத்தது.

தாமதமெல்லாம் தீமை என்றும் நாங்கள் சொல்லவில்லை. 2024 மார்ச்சில் நடந்தது பலருக்குத் தெரிந்திருக்காது. லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்-இசட் என்ற சிறு மென்பொருளின் புதுப் பதிப்பில், பிறர் கணிப்பொறிக்குள் திருட்டுத்தனமாக நுழைய ஒரு கள்ளவாசல் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. உள்நுழைய அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்து, ஆண்ட்ரெஸ் பிராயிண்டு என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். புதியதை உடனே ஏற்றிக்கொண்டவர்கள் பதறினார்கள். டெபியனின் நிலைத்த பதிப்பில் இருந்தவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை, அந்தப் புதுப் பதிப்பு அங்கே இன்னும் போய்ச் சேரவேயில்லை!

ஆகவே இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். புது அலங்காரம் ஓராண்டு பிந்தி வந்தால் குடி முழுகிப் போகாது. உடைந்த பூட்டுக்கு மாற்றுப் பூட்டு பிந்தி வந்தால் பொறுக்க முடியாது. இரண்டையும்விட எங்களுக்குச் சங்கடம் தருவது மௌனம். டெபியன் ஒரு பதிப்புக்கு மூன்றாண்டும், அதன்மேல் நீட்டிப்பாக இரண்டாண்டும் திருத்தம் தருவதாகச் சொல்கிறது. அதுபோல, இந்த நாள் வரை திருத்தம் கிடைக்கும் என்று மடிக்கணினியின் அடியில் ஒரு சீட்டு ஒட்டித் தந்தால் என்ன? மக்கள் பணத்தில் வருவதற்கு இவ்வளவாவது கேட்கலாம் அன்றோ?

"விண்டோஸே போதுமே" என்பார்கள் பெற்றோர் சிலர். விண்டோஸ் ஏழுக்கு 2020 ஜனவரியிலும், பத்துக்கு 2025 அக்டோபரிலும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. பதினொன்றோ பழைய பொறிகளை ஏற்பதில்லை. அக்காவின் மடிக்கணினிக்கு லினக்ஸை விட்டால் பழைய இரும்புக் கடைதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2011-க்குப் பின் பாஸ் லினக்ஸில் புதிய பதிப்புகள் பல வந்துவிட்டன. அவற்றை வீட்டு மடிக்கணினியில் ஏற்றுவார்தான் இல்லை. விவிலியத்தில் மணமகன் வரத் தாமதித்தபோது கன்னியர் பத்துப் பேருமே உறங்கினார்கள். ஐவரிடம் எண்ணெய் இருந்தது, அதுதான் வேறுபாடு. 1990-களின் தொடக்கத்தில் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. வரட்டும் என்று அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. குறுக்குக் கம்பியுள்ள ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள்.

சனிக்கிழமை பிற்பகல்களில் கணினி அறையைத் திறந்துவிடச் சிஸ்டரிடம் கேட்க இருக்கிறோம். கையில் புதுப் பதிப்பு ஏற்றிய பென் டிரைவ் இரண்டு இருந்தால் ஆரம்பிக்கலாம். அதன் பிறகு வரும் திருத்தங்களை அறையில் ஒரு கணிப்பொறி மட்டும் இறக்கிச் சேமித்து வைத்தால், மற்றவை அதனிடமிருந்தே பெற்றுக்கொள்ளும். செல்போன் டேட்டாவைக் கரைக்க வேண்டியதில்லை. மடிக்கணினி கொண்டுவருவோர், அதிலுள்ள புகைப்படங்களையும் சான்றிதழ்களையும் வேறிடத்தில் நகலெடுத்துக்கொண்டு வரவும். சார்ஜரை மறக்க வேண்டாம். பழைய பேட்டரிகள் அரைமணி நேரம்கூடத் தாங்குவதில்லை.