ஆயில் மூடியில் காபி!

ஆபீஸ் சொசைட்டியில் லோன் போட்டு வாங்கிய செகண்ட்ஹாண்ட் கார். திண்டிவனம் தாண்டியதும் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. பின்னால் வெள்ளைப் புகை. 'இன்னும் பத்து கிலோமீட்டர்தானே' என்று ஓட்டினேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

மெக்கானிக், இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து ஆயில் மூடியைத் திறந்தார். உள்ளே நுரையோடு டிகிரி காபி!

"ஹெட் கேஸ்கட் போயிடுச்சு சார். ஆயில்ல தண்ணி கலந்துடுச்சு."

"தண்ணி லீக்கே இல்லைன்னு புரோக்கர் சொன்னாரேப்பா?"

"வெளியே சொட்டலை சார். உள்ளுக்குள்ளே குடிக்குது! முள் ஏறினப்பவே ஆஃப் பண்ணியிருந்தா கேஸ்கட் செலவோட போயிருக்கும். இப்ப சூட்டுல ஹெட்டே வளைஞ்சிருக்கும். லேத்துக்கு அனுப்பி மட்டம் பார்க்கணும்."

லோன் பாக்கி இருபது தவணை. மேலே இந்த பில்!

பழைய கார் தேடும் நண்பர்களே, பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள். இன்ஜின் ஆறியிருக்கும் காலை வேளையில் போங்கள். ஆயில் மூடி, ரேடியேட்டர் மூடி இரண்டையும் திறந்து பாருங்கள். (சூட்டில் ரேடியேட்டரைத் திறந்தால் முகம் வெந்துவிடும், ஜாக்கிரதை!) பிறகு ஓட்டுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லையா? மூடியில் காபி நிறமா? பேரம் பேசாமல் நடையைக் கட்டுங்கள்.

காபியை ஓட்டலில் குடிப்பதுதான் சிக்கனம்!