ஆபரேஷன் சென்னையில், சாப்பாடு அந்தமானில்

சென்னையில் பைபாஸ் முறையில் எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டு போர்ட் பிளேர் திரும்பியவள் நான். எப்படி இளைத்தேன் என்று கேட்கிறவர்கள் டாக்டரைப் பற்றிக் கேட்கிறார்கள், செலவைப் பற்றிக் கேட்கிறார்கள். இனி ஆயுள் முழுக்க என்ன சாப்பிட வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. மெயின்லேண்ட் போகத் துடிக்கும் ஒவ்வொருவரும் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

பைபாஸுக்குப் பிறகு உணவு, சிறுகுடலின் முதல் பகுதியைத் தொடாமலே இறங்கிவிடும். இரும்பும் கால்சியமும் நன்றாக உறிஞ்சப்படும் இடம் அதுதான். பி12 உடலில் சேர, இரைப்பை சுரக்கும் ஒரு புரதம் வேண்டும். அதன் வழியும் அடைபடுகிறது. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் ஓரிரு வருடம் ஒன்றும் தெரியாது. எனக்குப் பாதம் மரத்துப்போனபோது சர்க்கரையாக இருக்கும் என்றார்கள் இங்கே. சர்க்கரை சரியாகவே இருந்தது. பி12 தான் அடிமட்டத்தில் கிடந்தது.

டிஸ்சார்ஜ் அன்று தந்த உணவு அட்டவணையில் பனீர், புரோட்டீன் பவுடர், குடைமிளகாய் என்று நீண்ட பட்டியல். கப்பல் தாமதமானால் தக்காளியே எட்டாத விலைக்குப் போகும் தீவு இது. ஆனால் ஜங்லிகாட் மீன்பிடித் துறையில் சூரை மீன் இறங்குகிறது. 100 கிராம் சூரையில் 20 கிராமுக்கு மேல் புரதம். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டிய எங்களுக்கு அதைவிட என்ன வேண்டும்? முள்ளும் மெத்தென்று ஆகும்வரை குக்கரில் வேகவைத்த மத்தி மீனில் கால்சியமும் உண்டு. தட்டில் முதலில் மீனோ முட்டையோ, அடுத்து காய், இடம் மிச்சமிருந்தால் சோறு. தண்ணீர் அரை மணி நேரம் கழித்துத்தான். கல்யாண வீட்டில் பாயசத்தை நீட்டி வற்புறுத்தும் சித்திகளுக்கு ஒரு வேண்டுகோள்: அந்த ஒரு டம்ளர் இனிப்பு எங்களுக்கு வியர்வையையும் படபடப்பையும் கொண்டுவரும். அன்பை வேறு விதமாகக் காட்டுங்கள்.

மீன் மட்டும் போதாது, மாத்திரை ஆயுளுக்கும் உண்டு. இங்கேதான் நிர்வாகத்திடம் கேட்க வேண்டியிருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் கால்சியம் மாத்திரை கார்பனேட் வகை; அது கரைய இரைப்பை அமிலம் வேண்டும். எங்களுக்கு அந்த அமிலம் குறைவு என்பதால் ஏற்றது சிட்ரேட் வகை. அதையும் பி12 ஊசியையும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வையுங்கள். ஜி.பி. பந்த் மருத்துவமனையில் மாதம் ஒரு நாள், ஓர் உணவியல் நிபுணரோடு, எங்களுக்கென ஒரு பிரிவு நடத்துங்கள். 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட சென்னை–அந்தமான் கடலடிக் கேபிள் கார் நிக்கோபார், கமோர்டா, கிரேட் நிக்கோபார்வரை போகிறது. கிரேட் நிக்கோபாரின் கேம்ப்பெல் பேயில் இருப்பவர் தன் ரத்தப் பரிசோதனை முடிவைச் சென்னை டாக்டரிடம் திரையில் காட்டிப் பேச முடிய வேண்டும். அதற்காக அவரைக் கப்பலேற்றுவது அநியாயம்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. இந்த ஆபரேஷன் ஆனவர் நாள்கணக்கில் வாந்தி எடுத்தால் தயமின் என்ற பி1 வற்றிவிடும். அந்த நிலையில் தயமின் ஊசி போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். அவசரப் பிரிவில் இரவுப் பணியில் இருக்கும் இளம் டாக்டருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தீவின் ஒவ்வொரு அவசரப் பிரிவின் சுவரிலும் இதை எழுதி ஒட்டுங்கள்.

இப்போது டிக்கெட் எடுத்து வைத்திருப்பவர்களுக்கு: கிளம்பும் முன்பே இரும்பு, பி12, வைட்டமின் டி அளவுகளைப் பாருங்கள். எந்த வகை ஆபரேஷன், என்னென்ன மாத்திரை, எப்போதெல்லாம் ரத்தப் பரிசோதனை என்று டாக்டரின் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். ஒரு பிரதி பர்ஸில் இருக்கட்டும், இன்னொன்று வீட்டில் சமைப்பவர் கையில்.