மொக்கைப் படத்தைக் கலாய்ப்பது பாவமா?

ஒரு கடைக்காரர், "இந்தச் சட்டை சாயம் போகும், தையலும் சரியில்லை" என்று சொல்லிச் சொல்லியே அதை விற்றால் எப்படி இருக்கும்? அமெரிக்க டிவியில் அப்படி ஒரு வியாபாரம் பல வருடங்கள் ஜோராக நடந்திருக்கிறது. நடு ராத்திரியில் ஒரு அடாசு திகில் படத்தைப் போடுவார்கள். இடையிடையே பேய் வேஷத்தில் ஒருவர் வந்து அதே படத்தைக் கிழி கிழி என்று கிழிப்பார். ஜனங்களும் படத்தை விட அவருக்காகத்தான் கண் விழித்திருப்பார்கள்!

1954-ல் லாஸ் ஏஞ்சலஸில் வாம்பைரா என்ற பெயரில் மைலா நூர்மி இதைச் செய்தார். 1957-ல் ஸ்க்ரீன் ஜெம்ஸ் கம்பெனி, யுனிவர்சலின் பழைய படங்கள் 52-ஐ ஒரே மூட்டையாகக் கட்டி டிவி ஸ்டேஷன்களுக்கு விற்றது. அதற்கப்புறம் ஊருக்கு ஒரு பேய் முளைத்தது. கணக்கு ரொம்ப சிம்பிள். படம் மலிவு, அந்த நேரமும் மலிவு, தொகுப்பாளருக்கு ஒரு கறுப்பு அங்கியும் சவப்பெட்டியும் போதும். காமர்ஸ் பாஷையில் சொன்னால், டெட் ஸ்டாக்கைக் காசாக்கும் வித்தை. 1981-ல் எல்வைராவாக வந்த கசாண்ட்ரா பீட்டர்சன், அந்த வேஷத்தையே தன் சொந்த பிராண்டாக்கிக் கொண்டார். கெட்டிக்காரி.

இதெல்லாம் விளம்பர இடைவேளைக் கலாய்ப்பு. 1988-ல் மினியாபொலிஸில் ஜோயல் ஹாட்சன் ஆரம்பித்த 'மிஸ்ட்ரி சயின்ஸ் தியேட்டர் 3000' ஒரு படி மேலே போனது. பைத்தியக்கார விஞ்ஞானிகள் ஒருவனை விண்கலத்தில் அடைத்து, மட்டமான படங்களாகக் காட்டி வதைக்கிறார்கள். அவனும் இரண்டு ரோபோக்களும் திரையின் அடியில் நிழலாக உட்கார்ந்து, படம் முடியும்வரை கமெண்ட் அடித்துத் தள்ளுகிறார்கள். கடைசி பெஞ்ச் மக்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை :-)

சரி, இதில் ஒரு குற்றச்சாட்டு உண்டு. யாரோ கஷ்டப்பட்டு எடுத்த படத்தைக் கேலி செய்து சம்பாதிப்பது அநியாயம் இல்லையா என்பது. கேட்க வேண்டிய கேள்விதான். 'மானோஸ்: தி ஹேண்ட்ஸ் ஆஃப் ஃபேட்' படத்தை எடுத்துக் கொள்வோம். (மானோஸ் என்றால் ஸ்பானிஷில் கைகள். ஆக, தலைப்பே 'கைகள்: விதியின் கைகள்'. எங்கே போய் முட்டிக்கொள்வது!) டெக்சாஸின் எல் பாசோ ஊரில் உர வியாபாரியாக இருந்த ஹரால்ட் வாரன், படம் எடுத்துக் காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டி இதை எடுத்தார். கையில் இருந்த கேமரா ஒரு தடவைக்கு சுமார் அரை நிமிஷம்தான் ஓடும். சத்தம் பதிவாகாது. எல்லார் குரலையும் ஒரு சிலரே பின்னால் சேர்த்துப் பேசினார்கள். நடித்தவர்களுக்குச் சம்பளம் கிடையாது, லாபத்தில் பங்கு மட்டும். வராத லாபத்தில்! குட்டிப் பெண்ணாக நடித்த சிறுமிக்கு ஒரு சைக்கிளும், அவள் வீட்டு நாய்க்கு ஒரு மூட்டை நாய்த் தீனியும் கிடைத்ததாகச் சொல்வார்கள்.

1966-ல் எல் பாசோவில் முதல் காட்சி. ஊரே சிரித்தது. தன் வாயிலிருந்து யாரோ ஒரு பெரியவர் குரல் வருவதைக் கேட்ட அந்தச் சிறுமி அழுதுவிட்டாளாம். அந்தச் சிரிப்பு கொடுமைதான், சந்தேகமே இல்லை. படமும் அத்தோடு தொலைந்தது.

1993-ல் ரோபோக்கள் சிரித்த சிரிப்பு வேறு ஜாதி. வந்தோமா, இரண்டு ஜோக் அடித்தோமா, போனோமா என்று அவர்களால் போக முடியாது. எழுதும் ஆட்கள் ஒவ்வொரு காட்சியையும் பார்த்தாக வேண்டும், அதுவும் திரும்பத் திரும்ப. இவ்வளவு கவனத்தை அந்தப் படத்துக்கு அதுவரை வேறு யார் கொடுத்தார்கள்? நல்ல படங்களுக்கே பாதி விமர்சகர்கள் கொடுப்பதில்லை. மானோஸைக் காட்டியதற்காக நிகழ்ச்சியின் வில்லன் விஞ்ஞானிகளே மன்னிப்புக் கேட்டார்கள் என்பது தனி காமெடி. ஆனால் நடிகரின் முழங்காலைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் வந்த ஜோக்குகள் சில இன்றைக்கும் உறுத்துகின்றன. படத்தைக் கலாய்க்கலாம், ஆளின் உடம்பைக் கலாய்ப்பதில் என்ன திறமை இருக்கிறது?

வாரன் 1985-லேயே இறந்துவிட்டார். தன் படம் பிரபலமானது அவருக்குத் தெரியாது. அந்தச் சிறுமி வளர்ந்து, ரசிகர் கூட்டங்களுக்குப் போய், அந்தப் படம் எடுத்த கதையைப் புத்தகமாகவும் எழுதினார். 2011-ல் படத்தின் 16 எம்எம் பிரதி ஒன்று ஒரு ரசிகர் கையில் சிக்கியது. மற்ற ரசிகர்களிடம் பணம் திரட்டி, ஃப்ரேம் ஃப்ரேமாகச் சுத்தம் செய்து, 2015-ல் ப்ளூ-ரேயாக வந்தது. நல்ல படங்கள் எத்தனையோ பெட்டியிலேயே மக்கிப் போயிருக்க, அந்த உர வியாபாரியின் படம் இப்போது பளிச்சென்று இருக்கிறது.